மின்னூலில் யாரோ போட்ட கோடு

எங்கள் நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் மேசையில் இருப்பவரை எல்லோரும் உஷ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசகர்களை அடக்குவதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இல்லை, என்னால் வந்த பெயர் அது. திரும்பி வரும் புத்தகங்களை அடுக்கும் வேலை என்னுடையது. யார் எதை எடுத்தார்கள் என்று தெரிந்துவிட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "பாத்தீங்களாக்கா, பேங்க் மேனேஜர் விவாகரத்துச் சட்டம் எடுத்துட்டுப் போறாரு" என்று ஆரம்பிப்பேன். அக்கா நிமிராமலே "உஷ்" என்பார். பதினாறு வருடமாக இதுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

ஆகவே, குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்ட அன்று, அக்கா முதலில் பயந்தது கட்டிக்கு, அடுத்துப் பயந்தது எனக்கு. இதை அவரே பிறகு என் முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மறுக்கத்தான் முடியவில்லை.

முன்பெல்லாம் இந்த மாதிரிப் பயத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு வழி இருந்தது. மருத்துவ அலமாரிக்குப் பின்னால் நின்று தேவையான நாலு பக்கத்தைப் படித்துவிட்டு, புத்தகத்தை இருந்த இடத்திலேயே செருகிவிட்டுப் போய்விடுவார்கள். யாருக்கும் தெரியாது, எனக்கும்கூட. மருத்துவப் புத்தகங்கள் சீக்கிரம் பழசாகிவிடுகின்றன என்று போன வருடம் அந்த அலமாரியையே எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மின்னூலாக மாற்றிவிட்டார்கள். அங்கே இப்போது நாலு கம்ப்யூட்டர் இருக்கின்றன. நூலக அட்டை எண்ணைப் போடாமல் எந்தப் புத்தகமும் திறக்காது.

அக்கா மதிய இடைவேளையில் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மார்பகக் கட்டிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் போனில் எடுத்தார். தலைப்பு வெளியே தெரியாது, பக்கம் புரளும் சத்தம் கிடையாது. என் கண்ணில் மண்ணைத் தூவியாயிற்று. அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கும் பேசினார். பதினோரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போய்விட்டு வந்துவிடுவது என்று முடிவு. கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக், சாதாரணக் காய்ச்சலுக்கே ஊரைக் கூட்டிவிடுவார். மகளுக்குக் கல்லூரிப் பரீட்சை நேரம்.

தினமும் பஸ்ஸில் நின்றபடியே சில பக்கங்கள் படிப்பார். படிக்கப் படிக்கப் பயம் கூடும், மூடிவிடுவார். ஐந்தாம் நாள் காலையில், நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நிறுத்தியிருந்த புத்தகம் அறுபத்துமூன்றில் திறந்தது. அதில் ஒரு வரியின் மேல் மஞ்சள் கோடு.

புத்தகத்தில் கோடு போடுகிறவர்களைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது. அவர் போட்டிருக்க வழியே இல்லை. அப்போதுதான் உறைத்தது. வருகிற வாசகர்களிடமெல்லாம் "ஒரே அட்டைய நாலு பேரு போன்ல போடாதீங்க, ஒருத்தர் படிக்கிறது இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிடும்" என்று ஓதுகிற மனுஷி, ஊழியர் அட்டைக்குக் கூடுதல் புத்தகம் கிடைக்கிறதே என்று தன் அட்டையையே கணவர் போனிலும் மகள் டேப்லெட்டிலும் போட்டுக்கொடுத்திருந்தார். மாதக்கணக்காகிவிட்டது, மறந்தே போயிருந்தார்.

அன்றிலிருந்து சொந்த வீட்டிலேயே திருடி மாதிரி நடமாடினார். கணவர் "என்ன டல்லா இருக்கே?" என்று கேட்டால் போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் டீவி பார்த்துச் சிரித்தால், தெரிந்துகொண்டும் சிரிக்கிறாரே என்று ஆத்திரம் வந்தது. மின்னூலில் பக்கம் நாளுக்கு நாள் முன்னே போய்க்கொண்டிருந்தது. எழுபது, எழுபத்தெட்டு. கோடு போட்ட வரிகளைப் படிக்கத் தைரியமில்லாமல், பக்க எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடுவார்.

ஒன்பதாம் நாள் மேசையில் ஆள் இல்லாத நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டார். "இருபது வயதை ஒட்டியவர்களுக்கு வரும் கட்டிகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை." பெரும்பாலும் என்ற சொல்லுக்கு மட்டும் சிவப்பு. அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. மகளுக்குத்தான் இருபது.

என்னிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். மகள் பாடப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்கா போனை அவள் முன்னால் நீட்டினார்.

"இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சாம்மா?" என்று மகள் அழ ஆரம்பித்தாள். "நாலு நாளாக் காத்துக்கிட்டிருக்கேன்."

"என்னடி சொல்ற?"

"நீதானே எடுத்து வச்ச? என் டேப்ல அந்த புக்கைப் பாத்ததும், என் கட்டிய அம்மா எப்படியோ கண்டுபிடிச்சிருக்கா, நேர்ல கேட்டா எனக்குச் சங்கடமா இருக்கும்னு சத்தமில்லாம வச்சிருக்கான்னு நெனச்சேன். நீ பாப்பேன்னுதான் கோடு போட்டேன். நீ ஒரு வார்த்தை கேக்கலையேம்மா."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாடா கண்ணு, உனக்காகத்தான் எடுத்தேன்" என்றார் அக்கா. பிறகு அவர் இதை என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் தேம்பி அழுகிற பெண்ணின் தலையில் தன் பயத்தையும் சேர்த்து ஏற்றிவைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

வியாழக்கிழமை, தனக்கு வாங்கிய நேரத்தை மகள் பெயருக்கு மாற்றி அவளை அழைத்துப் போனார். தனக்கு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார். டாக்டரம்மா மகளைப் பரிசோதித்துவிட்டு, ஒரு படிவத்தை எடுத்து வரிசையாகக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

"குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரிக் கட்டி இருந்திருக்கா? அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கு அப்படியெல்லாம் எதுவும் இல்ல டாக்டர்" என்றாள் மகள்.

டாக்டரின் பேனா "இல்லை" என்ற கட்டத்துக்குப் போனது. அக்கா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு பதிலை வைத்து எந்தெந்தச் சோதனைகளைச் செய்வார்கள், எவற்றை வேண்டாமென்று விட்டுவிடுவார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தார்.

"இருக்கு" என்றார். "எனக்கும் இருக்கு."

மகள் திரும்பினாள். "அப்போ அந்த புக்கு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. டாக்டர் இன்னொரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க வயசு சொல்லுங்கம்மா" என்றார்.