ஏழாவது இணைப்பு

ஆறாம் வகுப்போடு பள்ளியும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். பிறகு சேலத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலையில் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் மூன்று மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். சாப்பாடு ஒருவேளை தவறும், மறுவேளை கிடைக்கும். அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

அறுபதுகளின் கடைசியில் புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு விவசாயி தன் தோட்டத்தில் சாணி கேஸ் குழி போட்டார். கிணறு மாதிரி ஒரு தொட்டி, அதில் கரைத்த சாணம், மேலே கவிழ்த்த இரும்பு டிரம். டிரம்முக்குள் சேரும் வாயு, குழாய் வழியாக மாட்டுக் கொட்டகையைக் கடந்து சமையலறை அடுப்புக்குப் போகவேண்டும். குழாய் போட என்னைக் கூப்பிட்டார்கள். தண்ணீர்க் குழாய் போட்டவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று போனேன்.

வித்தை இருந்தது. தண்ணீர் ஒழுகினால் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். வாயு ஒழுகினால் நாற்றம்தான் அடையாளம். மாட்டுக் கொட்டகையில் அந்த நாற்றத்தை யார் தனியாகப் பிரித்துப் பார்ப்பது?

மொத்தம் ஏழு இணைப்பு. சமையலறையிலிருந்து தொடங்கி ஆறுக்குச் சணல் சுற்றி, வெள்ளை ஈயப் பசை பூசி முறுக்கினேன். ஏழாவதற்குப் பசை தீர்ந்துவிட்டது. அது கொட்டகைக்குள், ஓலைக் கூரைக்கு ஒரு முழம் கீழே. துணி சோப்பை அப்பி முறுக்கிவிட்டு, நாளைக்கு வந்து சரிசெய்யலாம் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு ஜேடர்பாளையம் போனேன். அணையில் குளியல், கரையில் வறுத்த மீன். அந்த ‘நாளைக்கு’ வருவதற்கு ஒரு மாதம் ஆனது.

ஆயுத பூஜைக்குத்தான் திரும்பினேன், பொரியும் சுண்டலும் கிடைக்குமே என்று. ஏர், மண்வெட்டி, பம்ப்செட் எல்லாம் சந்தனம் வைத்து நின்றன. வீட்டுக்கார அம்மா குழாயையும் விடவில்லை. ஒவ்வோர் இணைப்பிலும் சந்தனம், குங்குமம். என் பையிலிருந்த, குழாய் முறுக்கும் ரெஞ்சைக்கூட வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். விவசாயி எரியும் கற்பூரத் தட்டோடு சமையலறையிலிருந்து புறப்பட்டு, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு சுற்றுக் காட்டிக்கொண்டே வந்தார். ஆறு முடிந்தது. கொட்டகை வாசலில் நான் குறுக்கே நின்றேன்.

“அங்க வேண்டாமுங்க. எருமை மெரளும்.”

“எருமைக்குக் கற்பூரம் புதுசுங்களா?” என்று அவர் காலெடுத்து உள்ளே வைத்தார்.

உள்ளே எட்டு எருமைகள், கூரை தொட வைக்கோல்.

“அது ஒழுகுதுங்க. பசையில்லாம சோப்பு வெச்சு அடைச்சுட்டுப் போயிட்டனுங்க.”

அவர் நின்றார். தட்டைத் திருப்பிக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்துவிட்டு வந்தார். சோப்பைக் கரைத்து நுரையை இணைப்பில் பூசினேன். நெல்லிக்காய் பருமனில் குமிழி வந்தது. போதாததற்கு, அந்தக் குழாயிலேயே ஓர் எருமையின் கயிறு கட்டியிருந்தது. அது இழுத்து இழுத்து இணைப்பு நன்றாகவே ஆடிப்போயிருந்தது.

“இதுல மாடு கட்டலாமுங்களா?” என்றேன்.

“கெட்டியான கொழாயின்னு நீங்கதானுங்க சொன்னீங்க.”

 டிரம் பக்கத்து வால்வை அடைத்துவிட்டு ரெஞ்சைக் கேட்டேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்றார் அம்மா. அடுப்பு அணைந்தே கிடக்கட்டும், விறகு இருக்கிறது என்றும் சொன்னார்.

“ரெஞ்சும் இங்கயே இருக்கட்டும், நீங்களும் இங்கயே இருங்க. உட்டா எந்த ஊர்ல போயித் தேடறது?” என்று என்னையும் பிடித்து வைத்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் விவசாயியே நாமக்கல் போய்ப் பசை வாங்கி வந்தார். பழைய சோப்பைச் சுரண்டி எடுத்து, சணல் சுற்றி, பசை பூசி முறுக்கினேன். குழாய் ஆடாமலிருக்கக் கூரைச் சட்டத்தில் இரண்டு இரும்புப் பட்டை அடித்தேன். வால்வைத் திறந்து இரண்டு தடவை நுரை பூசிப் பார்த்தேன். குமிழி இல்லை. அவர் கற்பூரத் தட்டோடு வந்தார்.

“நேத்து உட்டுப்போன ஒண்ணு. நீங்களே காட்டுங்க, சாமி.”

எருமைகளை முதலில் வெளியே ஓட்டச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எட்டையும் மரத்தடியில் கட்டிவிட்டு வந்து என் தோளோடு தோளாக நின்றார். தட்டை உயர்த்தினேன். கற்பூரம் தன் பாட்டுக்கு எரிந்து அணைந்தது.