நாலு மணி பஸ்ஸும் என் ஆறு நாள் வரிசையும்

எனக்கு எதையும் வரிசையாகச் செய்தாக வேண்டும், சாம்பார் வைத்தாலும் சரி, எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தாலும் சரி. கடிதம் எழுதுவது பாடம் என்றால் முதல் நாள் நிறுத்தக்குறி, இரண்டாம் நாள் வாக்கியம், மூன்றாம் நாள் வாக்கியங்களை இணைப்பது, நான்காம் நாள் பத்தி, ஐந்தாம் நாள் கடிதம், ஆறாம் நாள் உறைமேல் முகவரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ட், ஒரு விளையாட்டு. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருமுறை அந்தச் சார்ட்டுகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பள்ளி உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மாலை பெல் அடிப்பது நாலு பத்துக்கு. பஸ் நாலு மணிக்கே போய்விடும். அடுத்த பஸ் ஆறரைக்கு. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கவலையில்லை. ஏரிக்கு அந்தப் பக்கக் குடியிருப்பிலிருந்து ஒரே ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள், என் வகுப்புதான். நாலு கிலோமீட்டர், வழியெல்லாம் வயல், ஆள் நடமாட்டம் கிடையாது. பள்ளிக்குப் பக்கத்து வயலில் களையெடுக்கும் அவளுடைய அம்மா, தினமும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து மகளைக் கூட்டிக்கொண்டு நடப்பார்.

ஒருநாள் என்னிடம் வந்து நின்றார். “இப்பிடியே பாதி வேலையில வந்துகினு இருந்தா, நாளைக்கு வராதன்றாங்கோ டீச்சர். அரைப் பரீட்சை வரிக்கும் பாக்குறேன். அப்பால இவ வூட்லயே இருக்கட்டும்.”

“கொஞ்சம் பொறுங்கம்மா. அடுத்த வாரம் எங்களுக்குக் கடிதம்தான் பாடம். பஸ் நேரத்தை மாத்தச் சொல்லி வகுப்பே மனு போடும்” என்றேன். அப்போது என் குரலில் இருந்த தைரியத்தை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆறு நாளும் பிசகாமல் நடந்தது. இருபத்திரண்டு மனுக்களையும் நானே திருத்தி, நல்ல தாளில் எழுதவைத்து, ஒரே பெரிய கவரில் போட்டு பஸ் பணிமனைக்கு அனுப்பினேன். அனுப்புநர் இடப்பக்கம், பொருள் நடுவில், இப்படிக்கு வலப்பக்கம். ஒரு காற்புள்ளி தப்பவில்லை.

மூன்று வாரம் போயிற்று. பஸ் நாலு மணிக்கே போய்க்கொண்டிருந்தது. அரைப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது பொறுமையிழந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனேன். சண்டை போடும் உத்தேசம்தான். நேரம் பார்க்கும் அலுவலர் நிதானமாக எங்கள் கவரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது உங்க ஸ்கூலா டீச்சர்? எந்த ஊருன்னே தெரியாம முழிச்சிக்கினு இருந்தோம். அனுப்புநர் அ.ஆ.இ., பத்து, க.ச.ட. தெரு. இந்தத் தெரு எங்க கீது?”

பரீட்சைத் தாளில் சொந்தப் பெயர், சொந்த ஊர் எழுதக் கூடாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவள் நான்தான். பிள்ளைகள் சொன்னபடி கேட்டிருக்கிறார்கள். திருத்திய எனக்கும் அது உறுத்தவே இல்லை.

“உள்ளயும் அப்பிடித்தான். எங்க ஊருக்கு பஸ்ஸே இல்லன்னு அத்தினி பேரும் ஒரே மாதிரி எழுதிக்கீறாங்கோ. உங்க ஊருக்குத்தான் நாலு ட்ரிப்பு போவுதே?” என்று சிரித்தார். கைடில் இருக்கும் வரி அது. சண்டை போட வந்தவள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பள்ளிக்கு வந்ததும் ரஃப் நோட்டுகளைப் புரட்டினேன். இரண்டாம் நாள் பயிற்சி, ‘நேற்று மாலை நடந்தது பற்றி நான்கு வாக்கியம்’. அந்தப் பெண் எழுதியிருந்தாள்: “பஸ்சு நாலு மணிக்கு பூடுது. பெல்லு நாலு பத்துக்கு அடிக்கிது. இருவது நிமிசம் கழிச்சி வந்தா நானே ஏறி பூடுவேன். எங்கம்மா வேலய வுட்டு வரத் தேவயில்ல.” அதன்மேல் குறுக்காக என் சிவப்புக் கோடு. பக்கத்தில் ‘நூல் நடையில் எழுதுக’ என்று என் அழகான கையெழுத்து. மொத்த மனுவும் அந்த நாலு வரியில் இருந்தது. நான் அதை அடித்துவிட்டு மூன்றாம் நாள் சார்ட்டை மாட்டப் போயிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் சார்ட்டுகளைக் கழற்றினேன். முதலில் பேச்சு: பஸ் எப்போது வருகிறது, யார் யார் நிற்கிறார்கள், என்ன ஆகிறது. பிறகு பேசியதை அப்படியே எழுத்தில். அலுவலருக்குப் புரியுமா என்று ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினார்கள். எங்கே மூச்சு முட்டியதோ அங்கே முற்றுப்புள்ளி வந்தது, எங்கே குழம்பியதோ அங்கே எழுவாய் வந்தது. கடைசியில்தான் இலக்கணம், அதுவும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். என் வரிசை தலைகீழாகிவிட்டது. அதுவும் ஒரு வரிசைதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் மனு ஒன்றை மட்டும், அவள் பெயரோடும் ஊரோடும், கீழே எல்லாருடைய கையெழுத்தோடும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலர் நின்றபடியே படித்தார். “இது புரியுது” என்றார். அடுத்த நாள் நாலு மணிக்கு நிறுத்தத்துக்கு வந்து, காலியாகப் போகும் பஸ்ஸையும் பத்து நிமிடம் கழித்து வந்து அம்மாவோடு நடக்கும் அந்தப் பெண்ணையும் பார்த்துவிட்டுப் போனார்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் பஸ் நாலு இருபதுக்கு வந்தது. நானும் நிறுத்தத்துக்கு ஓடினேன். அந்த அம்மா சேறு காயாத காலோடு ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். மகளை ஏற்றிவிட்டு, பஸ் ஏரிக்கரை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைலேர்ந்து நா வர மாட்டேன் டீச்சர்” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. “இன்னும் ரெண்டு பாத்தி கீது” என்று சொல்லிவிட்டு வேகமாக வயலுக்குத் திரும்பி நடந்தார்.