மண்டி மொஹல்லாவில் என் ஹாரன்

மண்டி மொஹல்லாவின் குறுகலான கடைத்தெருவில் என் கார் ஓர் ஆட்டோவுக்குப் பின்னால் நிற்கிறது. ஆட்டோ நகரவில்லை. கோயம்புத்தூரில் பழகிய கை தானாக ஹாரனுக்குப் போகிறது. இரண்டு முறை அடிக்கிறேன். மூன்றாவது முறை விடாமல் அழுத்துகிறேன்.

ஆட்டோக்காரர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார். பக்கத்து ஸ்கூட்டரும் அணைகிறது. பிறகு எதிரே வந்த பைக்குகள், வெங்காய மூட்டை ஏற்றிய டெம்போ. என்னை வெறுப்பேற்றவே செய்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கிக் கத்துகிறேன்.

"வண்டிய எடுய்யா."

ஆட்டோக்காரர் இறங்கி வருகிறார். வசவு வரும் என்று நானும் தயாராகிறேன்.

"ஸ்வல்ப இருங்க சார்" என்கிறார், கன்னடம் கலந்த தமிழில், தணிந்த குரலில். "அண்ணன் ரோட்டத் தாண்டறாரு. கண்ணு தெரியாதுங்க. சத்தம் இருந்தா அவருக்கு வழி பிடிபடாது."

அப்போதுதான் பார்க்கிறேன். தோளில் ஊதுபத்திப் பையும் கையில் வெள்ளைக் கோலுமாக ஒருவர் நடுத்தெருவில் திகைத்து நிற்கிறார். இன்னும் ஓடிக்கொண்டிருப்பது என் எஞ்சின் மட்டும்தான். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவியைத் திருப்புகிறேன்.

அத்தனை பெரிய கடைத்தெருவில் இப்போது கோல் தரையைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது.

என் ஜன்னலருகே வந்ததும் அவர் ஆட்டோக்காரரிடம் கேட்கிறார்.

"வெளியூரு வண்டியாப்பா?"

"ஆமாண்ணா. ஆஃப் பண்ணிட்டாரு, நீங்க வாங்க."