பச்சை விளக்கு எரிந்த பெட்டி

ஒரே பாடத்தில் இரண்டு முறை தோற்றும் விடாமல் எழுதிப் பட்டம் வாங்கியவள். திக்குவாயை வைத்துக்கொண்டே மூன்று நேர்முகத் தேர்வுகளைத் தாண்டியவள். ஆறு ஆண்கள் இருந்த அறையில் ஏழாவது நாற்காலியைப் பிடித்து, பதினோரு வருடம் விட்டுக்கொடுக்காதவள். தையல்காரி அக்கா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தங்கையைப் பற்றிச் சொல்லி வாய் வலித்த பட்டியல் இது. அதில் ஒரு குறை உண்டு. அவள் எழுதிய கணினி நிரல் எதிலும் அவள் பெயர் கிடையாது. அந்த அலுவலகத்தில் எல்லாக் கோப்புகளின் தலையிலும் மேலாளர் பெயர்தான் ஏறும்.

நோயாளியின் கட்டிலருகே கருவி அபாய ஒலி எழுப்பினால், அதைச் செவிலியர் மேசைக்குக் கொண்டுசேர்க்கும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் ஓடுவது அவள் நிரல். ஒரு பகுதி செய்தியை வாங்கி வரிசையில் வைக்கும்; இன்னொன்று எடுத்து அனுப்பும். இரண்டும் ஒரே நேரத்தில் வரிசையில் கைவைத்தால் செய்தி சிதையும். அதற்காக ஒரு பூட்டு, மியூடெக்ஸ் என்பார்கள். பூட்டிய பகுதியே திறந்துவிட வேண்டும்.

அனுப்பும்போது கேபிள் கழன்றால் உடனே வெளியேறு என்று அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள். வெளியேறுமுன் பூட்டைத் திறக்கும் வரியை மறந்துவிட்டாள். ஒரு மருத்துவமனையில் தரை துடைத்தவரின் கால் பட்டுக் கேபிள் கழன்றது. அவர் உடனே செருகிவிட்டார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே எல்லாம் அந்தப் பூட்டுக்காகக் காத்து நின்றன. நாலாம் கட்டிலின் அபாய ஒலி மேசைக்கு வரவேயில்லை. நாற்பது நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அந்தப் பெரியவர் உயிரோடு இல்லை.

அக்கா காஜா தைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு ஜன்னல் வழியா குதிச்சுப் போயிட்டான். வெளிய நிக்கிறவன் கதவையே பார்த்துட்டு நிக்கிறான். அப்படித்தானேடி?"

"கு... குதிச்சது நான்தான் அக்கா."

மேலாளர் விபத்து அறிக்கையை எடுத்துவைத்தார். "கேபிள் பழுதுன்னு எழுதிடலாம்மா. வழக்கம்போல என் பேரே இருக்கட்டும். உன் வேலை தப்பிக்கும்."

அதே வரி இன்னும் நானூறு வார்டுகளில் ஓடிக்கொண்டிருந்தது. கேபிளை மாற்றினால் அது திருந்தாது. அவள் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, பூட்டைத் திறக்கும் வரி விட்டுப்போனதுதான் காரணம் என்று எழுதினாள்.

பெட்டிகளைத் திருத்தினார்கள். அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். நாலாம் கட்டில் பெரியவர் எழுந்து வரவில்லை. இப்போது அவள் குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை. குளித்து முடிக்கும்வரை அக்காதான் வெளியே நிற்கிறாள். வேலை தேடு என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை.

அந்த அறிக்கையில், நிரலை எழுதியவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து இருக்கிறது. பதினோரு வருடத்தில் தன் வேலைக்குக் கீழே அவள் முதன்முதலாகப் பெயர் எழுதிய நாள்: 2019 மார்ச் 14, வியாழக்கிழமை.