மேடத்தின் எண்ணில் ஓடியவள்

அக்காவுக்குத் தொழிற்சாலையில் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். கம்பெனிப் பேருந்தில் நிரந்தரத் தொழிலாளர்களுக்குத்தான் இடம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் டவுன் பஸ்ஸில் வந்து பெரிய சாலையில் இறங்கி, கிடங்குகளுக்கு நடுவே கேட் வரைக்கும் நடக்க வேண்டும். கேட்டைச் சாத்திவிட்டால் அன்றைய வேலை போனது போனதுதான். பஸ் தாமதமாகும் நாள்களில் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நடையைக் கட்டுவார்கள். அக்கா சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவாள். "எக்ஸ்பிரஸ் வருது, வழி விடுங்கப்பா" என்று காவலாளி சத்தம் போடுவார்.

மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. மாத்திரை அட்டைகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். ஏதாவது ஒரு குழி காலியாக இருந்தால், கண் பார்த்த கணத்திலேயே கை அந்த அட்டையை எடுத்துவிட வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நீலத் தொப்பி, நிரந்தரமானவர்களுக்கு வெள்ளைத் தொப்பி. அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக நான் கல்லூரியை விட்டு வெளியே வந்தபோதும் அவள் நீலத் தொப்பிதான். அவளுக்குப் பின்னால் வந்த சிலர் வெள்ளைக்கு மாறிவிட்டார்கள். "எனக்கு மட்டும் தலையே நீலமா முளைச்சிருக்குடி" என்று சிரிப்பாள். சிரித்தாலும், அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

ஒருநாள் பிரிவின் மேலாளர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். எல்லோருக்கும் அவர் மேடம்.

"உட்காருன்னு சொன்னாங்கடி. அப்பவே நெனச்சேன், ஏதோ வம்புன்னு" என்றாள் அக்கா, அன்று மாலை வீட்டுக்கு வந்து.

தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு. நகரத்தில் நடக்கப்போகும் மாரத்தானில் ஒவ்வொரு பிரிவின் தலைவரும் ஓட வேண்டும், பதக்கத்தோடு எடுத்த படத்தை அனுப்ப வேண்டும். மேடத்துக்கு முட்டி தேய்ந்திருந்தது. அதை வெளியில் சொன்னால் மேலே இருப்பவர்கள் தன் வயதைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயம். மேடத்தின் பெயருக்கு வரும் எண் அட்டையை மார்பில் மாட்டிக்கொண்டு அக்கா ஓட வேண்டும். முடியும் இடத்துக்குப் பக்கத்தில் அதே சட்டையோடு மேடம் காரில் காத்திருப்பார். பதக்கத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார். இதை முடித்துக் கொடுத்தால், அடுத்த முறை நிரந்தரமாக்கும்போது முதல் பெயர் அக்காவுடையது.

அக்காவின் கணவர், என் மாமா, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். கேட்டதும் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"நாற்பத்திரண்டு கிலோமீட்டரா? என் வேனே நடுவுல ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்கும்."

"உங்க வேனுக்கு வயசாச்சு. எனக்கு இல்ல."

"இது ஏமாத்து வேலைக்கா" என்றேன் நான்.

"வந்துட்டா காலேஜ் படிச்சவ. ஏமாத்தறது அவங்க. நான் நிஜமாத்தானே ஓடப்போறேன்? அதுல என்னடி பொய் இருக்கு?"

அதில் என்ன பொய் என்று எனக்கு இவ்வளவு நடந்த பிறகும் தெரியவில்லை.

மேடம் தன்னுடைய ஓட்டக் காலணியைக் கொடுத்தார். அக்காவின் காலுக்கு அது கொஞ்சம் பெரியது. நுனியில் துணியை அடைத்துக்கொண்டு, விடிவதற்கு முன் கிடங்குச் சாலையில் ஓடினாள். லாரி ஓட்டுநர்கள் கண்ணாடியை இறக்கிக் கேலி பேசினார்களாம். "பின்னாடி யாரும் துரத்தலையேம்மா?" என்றாராம் ஒருவர். சில வாரங்களில் அவளுடைய முகம் ஒட்டி, கண் பளிச்சென்று ஆகிவிட்டது. பள்ளி நாள்களில் பந்தயம் ஓடிய பெண் திரும்பி வந்ததுபோல இருந்தது என்றார் மாமா. அவர் அப்போது அவளைப் பார்த்ததே இல்லை; ஆனாலும் அப்படித்தான் சொன்னார்.

ஓட்டத்தைவிடக் கடினமான பயிற்சி வீட்டுக்குள் நடந்தது. மார்பில் குத்தும் எண்ணில் மேடத்தின் பெயர் பெரிதாக அச்சாகியிருக்கும். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். மாமா அறைக்குள்ளிருந்து திடீரென்று மேடத்தின் பெயரைக் கத்துவார். அக்கா பாட்டுக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

"பாத்தியா, அசையலையே நீ? அங்கேயும் இப்படி நின்னா கதை கந்தல்தான்."

"மறுபடி கூப்பிடுங்க."

"மேடம், ஒரு டீ கிடைக்குமா?"

"கைகாலைக் கழுவிட்டு வந்தா யோசிக்கலாம்" என்று மேடத்தின் குரலிலேயே சொல்வாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசி வாரத்தில், தூக்கத்தில் கேட்டால்கூட அந்தப் பெயரையும் அந்த வயதையும் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள்.

ஓட்டத்தன்று, முடிவதற்குக் கொஞ்ச தூரம் முன்னால், ஒரு முதலுதவிக் கூடாரத்தின் அருகே நான் நின்றேன். வெயில் ஏறியிருந்தது. வேகமாக ஓடியவர்கள் போய் வெகுநேரமாகி, நடப்பவர்களும் நொண்டுபவர்களுமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அக்கா. வழியில் நின்றவர்கள் அவள் மார்பில் இருந்த பெயரைப் படித்துக் கைதட்டினார்கள். அவள் கையை உயர்த்தினாள். கால்கள் இழுபட்டன. முகம் உப்பியிருந்தது. விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

கூடாரத்திலிருந்த மருத்துவர் அவளை நிறுத்தினார்.

"உங்க பேர் என்னம்மா?"

மேடத்தின் பெயரைச் சொன்னாள்.

"வயசு?"

மேடத்தின் வயதைச் சொன்னாள், தடங்கலே இல்லாமல். அவர் எண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். "தெளிவாத்தான் இருக்காங்க. போகட்டும்."

என்னைக் கடக்கும்போது, கூட்டத்தில் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனாள். தெரிந்தவள் மாதிரிக் காட்டிக்கொள்ளாதே என்று முதல் நாள் அவள்தான் சொல்லியிருந்தாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வெகுநேரம் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது, முடியும் இடத்தில் அவள் இல்லை. மாமா வேலியோரம் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். மேடம் காரில் இருந்தார். அதே சட்டை, நெற்றியில் தண்ணீர்கூடத் தெளித்துத் தயாராக இருந்தார். "இன்னும் காணோமே?" என்று எங்களையே கேட்டார்.

மாமா விசாரணை மேசைக்கு ஓடினார். அங்கிருந்த பெண்ணிடம் அக்காவின் பெயரைச் சொன்னார்.

"அந்தப் பேர்ல யாரும் ஓடலையே சார்."

"ஓடினாம்மா. காலையில நான்தான் கொண்டுவந்து விட்டேன்."

"இல்லைங்களே."

மாமா திரும்பி ஒருமுறை காரைப் பார்த்தார். பிறகு மேடத்தின் பெயரைச் சொன்னார்.

"அவங்களா? மயங்கி விழுந்து, ஆம்புலன்ஸ்ல போய் ரொம்ப நேரமாச்சே. அவங்க வீட்டுக்காரருக்குப் போன் மேல போன் பண்றோம், அவர் எடுத்ததும் திட்டிட்டு வெச்சுடறாரு."

"நான்தாம்மா வீட்டுக்காரன்" என்றார் மாமா. அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

மேடத்தின் கணவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. மனைவி ஓடுகிறாள் என்றே நம்பியிருக்கிறார். ஓட்டம் நடத்துபவர்களிடமிருந்து முதல் அழைப்பு வந்ததும் பதறி மனைவிக்குப் போன் செய்திருக்கிறார். மேடம் என்ன ஏது என்று கேட்காமல், "முடிச்சிட்டேங்க, கார்ல உட்கார்ந்திருக்கேன்" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு வந்த அழைப்புகளையெல்லாம் பணம் பறிக்கும் கும்பல் என்று நினைத்து வெட்டிவிட்டார்.

மருத்துவமனையில் முதலில் வெயில் களைப்பு என்று நினைத்து நரம்பில் நீர் ஏற்றினார்களாம். வலிப்பு வந்த பிறகுதான் ரத்தத்தைச் சோதித்திருக்கிறார்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததால் உடம்பின் உப்பு நீர்த்து, மூளை வீங்கிவிட்டது என்றார் மருத்துவர். கட்டிலின் தலைமாட்டில் மேடத்தின் பெயர் எழுதியிருந்தது.

"அதை மாத்தச் சொல்லுங்க" என்றேன் மாமாவிடம்.

மேடம் நடைபாதையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்தார், அது நடிப்பில்லை. "ஓடறவங்களுக்குக் காப்பீடு இருக்கும்மா. பேரை மாத்தினா அது போயிடும். என் வேலை போயிடும். அவளோட நிரந்தரமும் போயிடும். அவ கண்ணு முழிச்சு, ஏன் சொன்னீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

பெயர் அப்படியே இருந்தது.

தீவிர சிகிச்சை அறைக்குள் கணவர் ஒருவருக்குத்தான் அனுமதி. ஆகவே, விஷயம் தெரிந்து வந்து சேர்ந்த மேடத்தின் கணவர் உள்ளே போனார். முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் கட்டிலருகே நின்றுவிட்டு வெளியே வந்து, மாமாவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சொல்வார்: "கண்ணு திறக்கல. மூச்சு சீரா இருக்கு. கை கொஞ்சம் அசைஞ்சுது." மாமா தலையை ஆட்டிக்கொள்வார். அவள் கண் திறக்கும்வரை, பார்வையாளர் நேரத்தில் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடந்தது.

அக்கா வீடு திரும்பினாள். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பேச்சின் நடுவில் நிறுத்தி, யாராவது முடித்துவைப்பார்கள் என்பதுபோல நம் வாயைப் பார்ப்பாள்.

"ஏன்க்கா அவ்வளவு தண்ணி குடிச்ச?"

ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னாள். "பெல்ட்டுல நிக்கறப்ப தண்ணியே குடிக்கமாட்டோம்டி. பாத்ரூம் போகக் கேக்கணும்ல? அங்க ஒவ்வொருத்தரும் டம்ளரை நீட்டி, குடிங்க மேடம், குடிங்க மேடம்ங்கறாங்க. என்னைப் பார்த்துச் சொல்றாங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அக்காவின் பெயர் முதலில் வந்தது. கம்பெனி மருத்துவச் சோதனை மட்டும்தான் பாக்கி. வெள்ளைத் தொப்பிக்காரர்களை அட்டைகளைச் சூடாக அழுத்தி ஒட்டும் இயந்திரத்தில் நிறுத்துவார்கள். ஒருமுறை வலிப்பு வந்தவர்களை அதன் பக்கத்தில்கூட விடமாட்டார்கள். ஆனால் அக்காவுக்கு வலிப்பு வந்ததற்கு எங்கும் பதிவு இல்லை. மருத்துவமனையைப் பொறுத்தவரை அது மேடத்துக்கு வந்த வலிப்பு.

"சொல்லிடலாம்கா. அந்த மெஷின்ல கை போச்சுன்னா?" என்றேன்.

"வேற வேலை நீ வாங்கித் தர்றியா?" இதை மட்டும் தடுமாறாமல் சொன்னாள். நானே வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன்.

"விடும்மா" என்றார் மாமா, அவளைப் பார்க்காமல். "இவ்வளவும் பட்டாச்சு. அதாவது கிடைக்கட்டும்."

சோதனைக்கு நான்தான் துணைக்குப் போனேன். கம்பெனி வாசலுக்குப் பக்கத்திலேயே சிறிய மருத்துவ அறை. செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்தார், எடை பார்த்தார், நாடியைப் பிடித்தார். "நல்ல நாடிம்மா. ஓட்டப் பந்தயத்துல ஓடறவங்களுக்கு இப்படி இருக்கும்" என்றார். அக்கா புன்னகைத்தாள்.

"சர்க்கரை இருக்கா?"

"இல்லைங்க."

"மயக்கம், வலிப்பு எப்பவாவது வந்திருக்கா?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவிலியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் வாய் திறந்துதான் இருந்தது. அதற்குள் அக்கா, "இல்லைங்க" என்றாள்.

முத்திரை விழுந்தது. நாளைக் காலை முதல் ஷிஃப்டிலிருந்து வரலாம், தொப்பியைக் கிடங்கில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

வெளியே வந்தோம். உணவு இடைவேளை, நீலத் தொப்பிகள் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. "என்ன எக்ஸ்பிரஸ், வெள்ளை கிடைச்சிருச்சா? ட்ரீட் எப்போ?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கா எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாப்புக்கு எந்தப் பக்கம்டி போகணும்?"

கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மறுநாள் அவள் தனியாகப் போக வேண்டியதில்லை. கம்பெனிப் பேருந்து வீட்டுத் தெருமுனைக்கே வரும்.