குடிக்காதவரின் தள்ளாட்டம்

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கடற்கரைப் பெண்கள் நாங்கள் எங்கள் வீட்டு ஆண்களை முழுசாகப் பார்க்கிறோம். மற்ற நாட்களில் அவர்கள் ஒன்று கடலில் இருப்பார்கள், இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் கோடையில்தான் யாருக்குப் பல் போயிருக்கிறது, யாருக்குத் தொந்தி விழுந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும். எனக்கு என்னைப் பெற்ற அய்யாவின் விரல்கள் தெரியவந்தன.

நான் ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியை. பள்ளி விடுமுறையும் தடைக்காலமும் ஒன்றாக வருவதால் மே மாதம் தங்கச்சிமடத்தில் அய்யா வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த வருடம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் மட்டும் ஆர்மோனியம் வாசிப்பதுபோல் தானாக அசைந்துகொண்டிருந்தன. புருவம் காரணமில்லாமல் மேலே ஏறி இறங்கியது. எழுந்து நடந்தால் கால் ஒரு பக்கம் இழுத்தது.

அம்மாவிடம் கேட்டேன்.

"கடல்ல கெடந்த காலுத்தா. கரைக்கு வந்தா நாலு நாளு ஆடத்தானே செய்யும்" என்றார்.

எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் விளக்கம்தான் அது. பொய்யும் இல்லை. கடலிலிருந்து இறங்குகிறவனுக்குத் தரையும் கொஞ்ச நேரம் அலையடிக்கும். ஆனால் அய்யா கடலுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை அம்மாவும் கணக்கில் வைத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். சொல்லத்தான் வாய் வரவில்லை.

எனக்கு உடனே பெரியய்யா ஞாபகம் வந்தது. அய்யாவின் ஒரே அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் பேர்போன குடிகாரர். பேர்தான் அப்படி. அவர் வாயில் சாராய வாடை அடித்து யாரும் கண்டதில்லை. இருந்தாலும் தள்ளாடினார், கை வீசினார், பேச்சு குழறியது, சட்டென்று கோபப்பட்டார். இதற்கு மேல் எங்கள் ஊருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

படகில் நிற்கும்வரை யாருக்கும் அவர் தள்ளாட்டம் தெரியவில்லை. அங்கே எல்லோரும் ஆடிக்கொண்டேதான் நிற்பார்கள். கரையில்தான் பிடிபட்டார். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போனார்கள், குணம் தெரியவில்லை. கடைசியில் மாதா கோயில் சுரூபத்தின் முன்னால் நிறுத்தி இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார்கள். குடிக்காத மனிதர், இவர்கள் தொல்லை விட்டால் போதும் என்று சத்தியம் செய்தார். மறுநாளும் தள்ளாடினார். அதற்குப் பிறகு குடிகாரன் என்ற பேரோடு மாதாவிடமே பொய் சொன்னவன் என்ற பேரும் சேர்ந்துகொண்டது. ஒரு படகிலும் ஏற்றவில்லை. அய்யாவும் தன் படகில் ஏற்றவில்லை. எலும்பும் தோலுமாகப் படுத்து, சாப்பாடு தொண்டையில் இறங்காமல் செத்துப்போனார்.

பள்ளியில் நான் நடத்துவது விலங்கியல். தலைமுறை தலைமுறையாக இறங்கும் நோய்களுக்குச் சதுரமும் வட்டமும் போட்டுக் கோடு இழுப்பது எனக்கு வருடாவருடம் உள்ள வேலை. சில நோய்கள் பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோட்டின் கீழே நான் நிற்பேன் என்று நினைத்ததே இல்லை. பயந்தேன். அய்யாவுக்காகவும் எனக்காகவும், கல்லூரியில் படிக்கும் என் மகளுக்காகவும். இதில் யாருக்காக அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பயந்தால் நான் அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிடுவேன். மதுரையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டு, அய்யாவிடம் சர்க்கரை பார்க்கப் போகலாம் என்றேன்.

அவர் டிவியை அணைத்தார்.

"எங்கண்ணன் மாதிரி ஆயிட்டனான்னுதானே ஒரு வாரமா என் கையையே பாத்துக்கிட்டிருக்க? அதுக்கு எதுக்குத்தா சர்க்கரையை இழுக்குற?"

அவரே கேட்டார்.

"ரத்தத்துல தெரியுமா?"

"தெரியும்யா."

"எனக்கு இருந்தா, அவனுக்கும் அதுதான்னு ஆகுமா?"

"ஆகும்."

"அவன் குடிக்கலைன்னு ஆகும்."

"ஆமாய்யா."

"அப்ப வா, போவோம்" என்று சட்டையைத் தேடினார். நாங்கள் போகவேண்டிய நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதைச் சொல்லி உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

மருத்துவர் நல்ல மனிதர், பொறுமைசாலி. நாக்கை நீட்டியபடி வைத்திருக்கச் சொன்னார். அய்யாவின் நாக்கு நிற்காமல் உள்ளே உள்ளே போனது. ஒரு காலுக்கு முன் மறு காலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டு எட்டு வைத்ததும் அய்யா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தரை ஆடாமக் கெடக்கு டாக்டரு. அதான் தோதுப்படலை" என்றார்.

மருத்துவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ரத்தப் பரிசோதனையின் முடிவு வர நாளாயிற்று. வந்தபோது நான் பயந்ததுதான். நோயின் பெயர் அய்யாவின் வாயில் நுழையவில்லை, அவரும் அதற்கு மெனக்கெடவில்லை. குணமாக்க மருந்து கிடையாது, ஆட்டத்தைக் குறைக்க மாத்திரை உண்டு, இந்த வயதில் தலைகாட்டினால் பெரும்பாலும் மெதுவாகத்தான் போகும் என்று மருத்துவர் விளக்கினார். நான் விரும்பினால் பரிசோதனை செய்துகொள்ளலாம், கட்டாயமில்லை, யோசித்து வாருங்கள் என்று என்னிடமும் சொன்னார். அய்யா தன் அண்ணனின் நோவை ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதுவும் இதுதானா?

"ஏறக்குறைய நிச்சயமாக இதுதான்" என்றார் மருத்துவர்.

அய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனக்கு நோய் என்று கேட்டு நிம்மதியடைந்த ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஊர் திரும்பும் ரயிலில் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "இது வீட்டோட இருக்கட்டும். வெளிய மூச்சு விடக்கூடாது. நாளைக்கு என் மகளுக்கு மாப்பிள்ளை பாக்கணும்."

அய்யா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் அவர் மகளாக இருந்தும் எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

பெரியய்யாவின் நினைவு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் கோயிலில் பூசை தொடங்கும் முன், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மைக்கில் அன்றைய பூசைக் கருத்துகளை வாசிப்பார். யாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக, யாருக்குச் சுகம் வேண்டி என்று. கோபுரத்துக் குழாயில் அது கடற்கரைவரை கேட்கும். இறந்தவர் பெயரைச் சொல்லி, இளைப்பாற்றிக்காக என்று முடித்துவிடுவது வழக்கம். அன்று பெரியய்யாவின் பெயரைச் சொன்ன உபதேசியார் ஒரு நொடி தயங்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"குடிக்காமலே குடிகாரர் என்று பெயர் வாங்கி, நரம்பு நோயால் இறந்த அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், அதே பரம்பரை நோய் கண்டிருக்கும் அவருடைய தம்பியின் சுகத்துக்காகவும், அவர் குடும்பத்தாருக்காகவும்."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆண்கள் பக்கம் அய்யா நிமிர்ந்து நின்றார், கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அன்று பூசையில் என்ன பிரசங்கம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அய்யாவைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்காய்யா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. பெரியய்யாவுக்குன்னா அவரோட நிறுத்தியிருக்கலாம்ல. உங்களை எதுக்குச் சேத்து எழுதிக் குடுத்தீங்க? குடும்பத்தை எதுக்கு இழுத்தீங்க?"

அவர் திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். பேச்சு அப்போதே லேசாகக் குழறத் தொடங்கியிருந்தது.

"அவனுக்கு மட்டும்னா கல்லறையில போயி அவன்கிட்டயே சொல்லிட்டு வந்திருப்பேன். செத்தவனை ஊரு என்ன சொன்னா என்ன?"

"பிறகு?"

"உனக்கு வராதுத்தா. வரக்கூடாது. ஒருவேளை வந்துச்சுன்னா, அப்ப நானும் இருக்க மாட்டேன். நீ இந்தத் தெருவுல தள்ளாடி வாரப்ப, இவ குடிச்சிருக்கான்னு ஒருத்தன் சொல்லக்கூடாது. இனிச் சொல்ல மாட்டான்."

திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். கோயில் வாசலிலேயே, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள்ளும் அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. அப்படியே வீடுவரை நடந்தோம்.