அருளப்பன் திறக்காத எடிட்டர்

அருளப்பன் சார் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும்படி நண்பர்கள் கேட்டீர்கள். நல்லது ஒன்று இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாமெல்லாம் இலவசமாகப் பயன்படுத்தும் அந்த ஓப்பன் சோர்ஸ் வரைகலை மென்பொருளில் அனிமேஷன் எடிட்டர் அவர் எழுதியது. அது பாதியில் நின்றுபோய் யாருடைய வேலையையும் தின்றதில்லை.

மற்றபடி வீம்புக்காரர். மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் எடிட்டரில் எதைச் சேர்ப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஓர் உருவம் எந்த நொடியில் எங்கே நிற்க வேண்டும் என்று வைக்கும் குறிகளை மவுஸால் மட்டுமே நகர்த்த முடியும். ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதி நகர்த்த வழி விடுங்கள் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

"உள்ள கைய விட விட்டுட்டா அப்பறம் நான் ஒரு ஆணிய மாத்த முடியுமா தம்பி? ஏன் ஸ்கிரிப்டு ஒடஞ்சுபோச்சுன்னு எல்லாரும் எங்கிட்டத்தான் வந்து நிப்பாங்க."

நான் கேட்டது பர்வீனுக்காக. கோட்டைப்பட்டினத்துப் பெண், என்னோடு சேர்ந்து குழந்தைப் பாட்டு வீடியோக்கள் செய்துகொண்டிருந்தவர். அவர் வரைந்த நண்டு திரையில் நடந்தால் அடியில் மணல் இருப்பதே தெரியும். மவுஸ் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கி, இனி மவுஸைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரை அருளப்பன் வீட்டுக்கே அழைத்துப் போனேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்கம்மா, சரியாப் போயிரும்" என்று சொல்லி எங்களுக்குக் காபி கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் அனுமதி இல்லாமலே உள்ளே நுழையும் ஒரு ஸ்கிரிப்டை எழுதினேன். பர்வீன் கீபோர்டிலேயே நண்டை நடக்கவிட்டார், வலியில்லாமல் சிரித்தார். அடுத்த பதிப்பில் அருளப்பன் எடிட்டரின் உள்ளமைப்பையே மாற்றினார். ஸ்கிரிப்ட் செத்தது. பழைய பதிப்பிலோ புதுக் கோப்புகள் திறக்கவில்லை. போனில் கத்தினேன்.

"நான் தொறந்து விடாத கதவுல நீங்க நொழஞ்சா, அதுக்கு நான் என்னங்க பண்றது?" என்றார். தம்பி போய் 'ங்க' வந்திருந்தது. அதோடு பேச்சு நின்றது. பர்வீன் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

எடிட்டருக்குள் நுழைந்து பார்த்த வேறு ஆள் இல்லை என்பதால், அடக்கம் முடிந்த வாரமே அதன் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் வேலையாக ஸ்கிரிப்டுகளுக்கு வழியைத் திறந்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினேன். பர்வீன் மாத்திரை அட்டையை இடது கையால் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"இப்ப எதுக்குண்ணே? அந்த நண்டு எப்புடி நடக்கும்னே மறந்துபோச்சு."

அருளப்பனின் எடிட்டர் இனி என் பொறுப்பு. அவர் மேலுள்ள கோபமும் என்னிடமே இருக்கட்டும். குழியில் ஒரு பிடி மண் போட்டபோது அதையும் சேர்த்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். மனம் வரவில்லை.